டிராஃப்ட் வரிசையை எவ்வளவு நம்புவது?

ஐஸ் ஹாக்கி அணியான மாண்ட்ரியால் கனேடியன்ஸின் இளம் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022-ல் லேன் ஹட்சனை 62-வதாகத்தான் எடுத்தார்கள். ஆள் குள்ளம், இடி தாங்கமாட்டார் என்ற தயக்கம். 2024-25 சீசனில் 60 அசிஸ்ட், மொத்தம் 66 புள்ளி; சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பையும் வாங்கிவிட்டார். நீலக்கோட்டருகே தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி மறுபக்கம் வழுக்கிப் போவார். மறிக்க வந்தவர் காற்றைத்தான் மறிப்பார்.

2023-ல் 5-வதாக வந்த ஆஸ்திரியர் டேவிட் ரைன்பாக்கருக்கோ முழங்கால் அறுவைசிகிச்சையில் ஒரு சீசனின் பெரும்பகுதி போயிற்று. அதற்குள் 'வீண் தேர்வு' என்று முத்திரை குத்துவது அநியாயம். தடுப்பாட்டம் பக்குவப்பட நாளாகும். கோல் கணக்கை விடுங்கள். எதிரணி நெருக்கும்போது ரப்பர் வட்டைப் பதறாமல் வெளியே கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். நானாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கொடுப்பேன். நீங்கள்?