டயகமவுக்கு நான்கு விசை

மென்பொருளைச் சோதிப்பதும் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பதும் ஒரே தொழிலின் இரு கிளைகள் என்பேன். எழுதியவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் கண் பிடிக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் திறந்த மூலத் தளம் மீடியாவிக்கி. அதன் மூல நிரலில் கை வைக்காமலே புதிய வசதிகளைச் சேர்க்கும் துணைநிரல்களை 'நீட்சி' என்கிறோம். 2011இல் வந்த 'நாராயம்' அத்தகையது. மலையாள விக்கிப்பீடியரான ஜுனைத் உருவாக்கியது. மலையாளத்தில் அச்சொல்லுக்கு எழுத்தாணி என்று பொருள். எதையும் நிறுவாமல் உலாவியிலேயே தமிழ் எழுத அது வழி செய்தது. 2013இல் அதன் பணியை வேறொரு நீட்சி ஏற்றுக்கொண்டது.

இத்தகைய நீட்சிகளில் தமிழ்99 முறையைச் சோதிக்க நான் எடுப்பவை மலையகச் சொற்களே. 'டயகம' நான்கே விசைகளில் புள்ளியின்றி வர வேண்டும். 'கொழுந்து' எழுதும்போது நகரத்தை அடுத்துத் தகரம் வந்தவுடன் புள்ளி தானே விழ வேண்டும். 'பப்பாசி'யில் முதல் பகரத்தின் பின் அகரத்தைத் தட்டினால் அங்கே புள்ளி விழக் கூடாது.

இதெல்லாம் அற்ப விடயமா? டயகமவின் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இரவல் கணினியில் அமர்கிறாள் என்று வையுங்கள். அதில் மென்பொருள் நிறுவ அவளுக்கு உரிமையில்லை. தன் ஊர்ப் பெயரே பிழையாக விழுந்தால் பேசாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். பிழை அறிக்கை எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். ஆகவே, நண்பர்களே, அவளுக்கு முன்பாக நாம் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.