ஏட்டுச் சுரைக்காயும் எரிபொருள் தாங்கியும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் படிப்பு, ஊரிலுள்ள உறவுகளின் நிலை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது வாகனம் பற்றியே என்று கூறினால் அது மிகையாகாது. சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள அட்லிஸ்வில் முருகன் ஆலயத்துக்குத் திருவிழா நாளொன்றில் செல்பவர், அயலில் நிறுத்தப்பட்டிருக்கும் வாகனங்களை ஒருமுறை நோக்கினால் இதனை உணர்வர். முன்னர் தாழ்ந்த சிறிய கார்கள் நின்ற இடங்களில் இன்று ஜீப் வடிவிலான உயர்ந்த வாகனங்கள் நிற்கின்றன. எஸ்.யூ.வி. என்று அழைக்கப்படும் இவ்வகை வாகனங்கள் 2023ஆம் ஆண்டில் உலகில் விற்பனையான கார்களில் 48 வீதமாக இருந்தன என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் தெரிவித்தது. ஆகவே இந்த ஆசை எம்மவருக்கு மட்டும் உரியதன்று.

உயர்ந்த வாகனத்தை விரும்புவதில் குற்றமில்லை. முழங்கால் நோவுள்ள தாயார் குனியாமல் ஏறி இறங்கலாம். பனிக்காலத்து மலைப்பாதையில் நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் மனத்துக்குத் தைரியம் தரும். ஆயினும் அது உண்மையில் எவ்வளவு எரிபொருளைக் குடிக்கின்றது என்பதை வாங்குவதற்கு முன்னர் கணக்கிட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. விற்பனையாளர் தரும் ஏட்டில் அச்சிடப்பட்ட எண்ணை நம்பிப் பல ஆண்டுத் தவணைக்குக் கையொப்பமிடுகின்றோம். அதிகாலையில் அலுவலகத் துப்புரவு, மாலையில் உணவகச் சமையலறை என்று இரு வேலை செய்து வாழும் குடும்பத்துக்கு அந்த எண்ணின் உண்மையும் பொய்யும் சிறிய விடயமன்று.

கலைப் பாடங்களைப் படித்து, ஊரில் அவற்றையே படிப்பித்த எனக்கு இயந்திரவியல் தெரியாது. ஆனால் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். அவை போதும் என்ற துணிவில், ஓராண்டு காலம் மூன்று வாகனங்களின் எரிபொருட் செலவை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். முதலாவது, எனது டீசல் கார். பின்புறம் நீண்ட, தாழ்ந்த குடும்பக் கார். இரண்டாவது, என் தமக்கையின் மகனுடைய பெற்றோல் எஸ்.யூ.வி. மூன்றாவது, தோட்டவேலை ஒப்பந்தம் செய்யும் நண்பர் ஒருவரின் டீசல் பிக்கப். ஊரில் நாம் 'டபுள் கப்' என்று சொல்லும் வகை.

ஏட்டில் எனது காருக்கு 100 கிலோமீற்றருக்கு 4.9 லீற்றர் என்றிருந்தது. உண்மையில் 5.8 லீற்றர் சென்றது. எஸ்.யூ.விக்கு ஏட்டில் 7.4, உண்மையில் 9.1. பிக்கப்புக்கு ஏட்டில் 8.9, உண்மையில் 10.4. மூன்றுமே ஏட்டை மிஞ்சின. "மாமா, உங்கட கணக்கில ஏதோ பிழை இருக்கு, கொம்பனிக்காரன் பொய் எழுதுவானே?" என்று மருமகன் கேட்டார். கணக்கிலும் பிழையில்லை, கொம்பனிக்காரர் எழுதியதும் சட்டப்படி பொய்யன்று. அந்த எண் பிறக்கும் இடம் வேறு என்பதே உண்மை.

ஏட்டிலுள்ள எண் வீதியில் எடுக்கப்படுவதில்லை. ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் வாகனத்தை ஓடவிட்டு அளக்கப்படுகின்றது. ஐரோப்பாவில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த பழைய சோதனை 20 நிமிடமே நீடித்தது. 11 கிலோமீற்றர் தூரம், மணிக்குச் சராசரியாக 34 கிலோமீற்றர் வேகம். இச்சோதனைக்கும் வீதிக்கும் இடையிலான வேறுபாடு 2001இல் 10 வீதத்துக்குக் குறைவாக இருந்து, 2015 அளவில் ஏறத்தாழ 40 வீதத்தை எட்டியதாக ஐ.சி.சி.ரி. என்னும் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. 2017 முதல் புதிய சோதனை வந்தது. 30 நிமிடம், 23 கிலோமீற்றர், உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீற்றர். முன்னையதை விட இது நேர்மையானது. எனினும் இடைவெளி முற்றாக மறையவில்லை. 2021இல் பதிவான சுமார் 6 இலட்சம் வாகனங்கள் தாமே பதிந்து வைத்த தரவுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணைக்குழு, பெற்றோல், டீசல் வாகனங்கள் ஏட்டில் உள்ளதை விட ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாகச் செலவிடுகின்றன என்று 2024 மார்ச்சில் அறிவித்தது. எமது கொப்பியின் கணக்கும் அதனை ஒட்டியே நிற்கின்றது.

அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. மின்னேற்றியும் பெற்றோல் ஊற்றியும் ஓட்டக்கூடிய 'பிளக்-இன்' வாகனங்களின் உண்மைப் புகை வெளியேற்றம், ஏட்டில் உள்ளதை விடச் சராசரியாக மூன்றரை மடங்காக இருந்தது. மின்னேற்றாமல் பெற்றோலிலேயே ஓடினால் அந்த எண் எவ்வாறு கிட்டும்? வாடகை அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்து, வாகனத்தை வீதியோரத்தில் நிறுத்தும் எம்மவர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பிக்கப்புகள் மலிந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கு 1975இல் எரிபொருட் சிக்கனச் சட்டம் வந்தபோது கார்களுக்கு ஒரு விதியும் இலகுரக லொறிகளுக்கு வேறொரு விதியும் வகுக்கப்பட்டன. பிக்கப்பும் பெரும்பாலான எஸ்.யூ.வி.களும் தளர்ந்த லொறி விதியின் கீழ் வந்தன. அவ்வகை வாகனங்கள் அங்கு பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம். ஏட்டிலுள்ள எண் கிட்டவில்லை என்று மக்கள் முறையிட்டதனால், 1980களின் நடுப்பகுதியில் நகர ஓட்ட எண்ணில் 10 வீதத்தையும் நெடுஞ்சாலை எண்ணில் 22 வீதத்தையும் கழித்தே அச்சிடுமாறு அரசு பணித்தது. ஆய்வுகூட எண் வீதிக்குப் பொருந்தாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்பதே இதன் பொருள்.

அளக்கும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. ஊரில் நாம் "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?" என்று கேட்போம். இங்கு "100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்?" என்று கேட்கின்றனர். இரண்டும் ஒன்றே என்று தோன்றும். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பிக்கப்பை விட்டு 10 கிலோமீற்றர் ஓடுவதை வாங்குகின்றார் ஒருவர். லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் காரை விட்டு 20 ஓடுவதை வாங்குகின்றார் இன்னொருவர். கூடுதலாக மிச்சம் பிடித்தவர் யார்? இரண்டாமவர் என்றே பலர் விடை கூறுவர். முதலாமவருக்கு 100 கிலோமீற்றருக்கு 12.5 லீற்றர் 10 ஆகக் குறைந்தது, மிச்சம் 2.5 லீற்றர். இரண்டாமவருக்கு 6.25 லீற்றர் 5 ஆகக் குறைந்தது, மிச்சம் 1.25 லீற்றர் மட்டுமே. இந்த மயக்கத்தை லாரிக், சோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் எடுத்துக் காட்டினர். கனத்த வாகனங்களை ஒப்பிடும்போது இந்நாட்டு அளவு முறையே தெளிவானது.

எம் கணக்கைப் பணமாக மாற்றுவோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓட்டம், பெற்றோல் லீற்றர் 1.80 பிராங், டீசல் 1.90 பிராங் என்று வைத்துக்கொள்வோம். எனது காருக்கு 870 லீற்றர், 1,653 பிராங். எஸ்.யூ.விக்கு 1,365 லீற்றர், 2,457 பிராங். பிக்கப்புக்கு 1,560 லீற்றர், 2,964 பிராங். முதல் இரண்டுக்கும் இடையில் ஆண்டொன்றுக்கு 804 பிராங் வேறுபாடு. ஊரிலுள்ள தாயாரின் மருந்துச் செலவுக்கென மருமகன் ஆண்டுதோறும் அனுப்பும் தொகை இதனிலும் பெரிதன்று. சூரிச் மாநிலத்தில் வாகன வரியும் இயந்திரத்தின் கொள்ளளவோடு மொத்த எடையையும் பார்த்தே அறவிடப்படுகின்றது என்பதை இத்துடன் சேர்த்துக்கொள்க.

காரணங்கள் எளியவை. கனத்த உடலை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிறுத்தி மீண்டும் உந்த வேண்டும். உயர்ந்த முகம் கூடுதலான காற்றைத் தள்ள வேண்டும். வேகம் 100இலிருந்து 120க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு 1.44 மடங்காகின்றது. பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் நெடுஞ்சாலையில் ஓடுவோர் இதனைக் கவனிக்கலாம். பிக்கப் ஏறத்தாழ ஒரு தொன் பாரம் சுமப்பதற்கென அமைந்த வன்மையான சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. நண்பருக்கு மண்ணும் கல்லும் மரக்கன்றும் ஏற்ற அது வேண்டும். அவருக்கு அச்செலவு தொழில் முதலீடு. பாரமேதும் ஏற்றாத குடும்பத்துக்கோ அது வீண்சுமை. இவை யாவற்றிலும் கொடியது குறுகிய பயணம். தை மாதக் குளிரில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஸ்லீரனிலிருந்து நாலு கிலோமீற்றர் தூரத்து அலுவலகத்துக்குச் செல்பவரின் இயந்திரம் சூடேறுவதற்கு முன்னரே பயணம் முடிந்துவிடுகின்றது. எந்த ஏட்டிலும் அந்தப் பயணத்தின் எண் இல்லை.

இந்தக் கணக்கு எமக்குப் புதிதன்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஒரு போத்தலில் சாவகச்சேரிக்குச் சென்று திரும்பலாமா என்பதை ஒவ்வொரு சாரதியும் துல்லியமாக அறிந்திருந்தார். 2022 யூலையில் இலங்கை அரசு எரிபொருளைப் பங்கிட்டபோது, தொடக்கத்தில் காருக்கும் வானுக்கும் வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. எமது கொப்பியின்படி 20 லீற்றரில் பிக்கப் 192 கிலோமீற்றர் ஓடும். எனது கார் 345 கிலோமீற்றர் ஓடும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை சென்று திரும்புவதற்கும் இருமுறை சென்று திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு அது.

தட்டுப்பாடு கற்பித்த அப்பழக்கத்தைத் தாராளம் மிகுந்த இந்நாட்டில் கைவிட வேண்டியதில்லை. முறை மிக இலகுவானது. தாங்கியை நிரப்புங்கள், குழாய் தானாக நின்றதும் நிறுத்துங்கள். தூரமானியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஊற்றிய லீற்றரை 100ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீற்றரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவையாவது இவ்வாறு செய்து சராசரி காணுங்கள். வாகனத்தின் கணினித் திரை சற்றுக் குறைத்துக் காட்டுவதும் உண்டு, கொப்பியை நம்புங்கள். பிள்ளைகளிடம் இக்கணக்கை ஒப்படைத்தால் அவர்களுக்கும் நல்ல பயிற்சி.

புதிதாக வாங்க எண்ணுவோர், அதே வகை வாகனத்தை வைத்திருக்கும் இருவரிடம் ஏட்டின் எண்ணைக் கேளாது, தாங்கியின் எண்ணைக் கேட்டறியுங்கள். ஆண்டில் எத்தனை நாட்கள் ஏழுபேர் பயணிக்கின்றோம், எத்தனை நாட்கள் தனியொருவராக வேலைக்குச் செல்கின்றோம் என்பதையும் எழுதிப் பாருங்கள். மருமகனின் தவணை வரும் ஆண்டு முடிவடைகின்றது. அடுத்து எதை வாங்குவது என்பதை அவர் இன்னமும் தீர்மானிக்கவில்லை. கொப்பியை மட்டும் என்னிடமிருந்து வாங்கிச் சென்றுள்ளார்.