கடல் பக்கத்து ஜன்னல்

மகள் கொழும்பில், கொள்ளுப்பிட்டிக் கடற்கரைப் பக்கமாக ஒரு சொகுசுத் தொடர்மாடி வீடு வாங்கினாள். பதினான்காவது மாடி. பழைய வீடு, உள்ளே எல்லாம் மாற்ற வேண்டும். "வாப்பா, நீங்கதான் நிண்டு பாக்கணும்" என்று டோஹாவிலிருந்து சொன்னாள். மருதமுனையிலிருந்து இரவு பஸ் ஏறினேன்.

எங்கள் கிழக்கிலே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடன். ஆசிரியச் சம்பளத்தில் நானும் கட்டினேன். ஒரு வருடம் அத்திவாரம், இன்னொரு வருடம் சுவர். கூரை போட்டு முடிந்த பிறகு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில், கடல் அதைக் கொண்டுபோய்விட்டது. சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம், கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். அதன்பிறகு நான் கட்டவில்லை. கட்ட முடியவில்லை என்பதுதான் சரி. இந்த வீடு அவளே உழைத்து வாங்கியது. எனக்குக் கிடைத்தது மேற்பார்வை.

வீட்டை வடிவமைக்க வந்த சிங்களப் பிள்ளை மடிக்கணினியில் படம் காட்டினாள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே சுவரைக் காணவில்லை. கொங்கிறீட் தூண்களைத் தொட முடியாதாம், கட்டடத்தின் பாரம் அவற்றில்தான். புளொக்கல் சுவரை மட்டும் உடைக்கலாம். அதற்கும் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். குசினி திறந்து கிடந்தால், ஆண் விருந்தாளிகள் வரும்போது மகள் எங்கே ஒதுங்குவாள் என்று கேட்டேன். பிள்ளை யோசித்துவிட்டு, இழுத்து மூடும் மரத்தட்டி ஒன்றை வரைந்தாள்.

அன்றிரவு தொலைபேசியில் மகள் கேட்டாள்: "நான் ஏன் வாப்பா ஒதுங்கணும்?"

பதில் வரவில்லை எனக்கு. "சரி, தட்டி இரிக்கட்டும். மீன் பொரிக்கக்குள்ள உதவும்" என்று அவளே முடித்து வைத்தாள்.

குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும், மேசன் பாஸ் வடிகாலை அடைத்துத் தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் விட்டார். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்ற பிறகே தரையோடு பதித்தார். ஒளு எடுக்கத் தாழ்வான குழாயும் இருந்து கழுவ ஒரு திண்ணையும் கேட்டேன்; முகம் சுளிக்காமல் செய்து தந்தார். உப்புக் காற்றுக்கு இரும்புப் பிணைச்சல் நிற்காது என்று சொன்னவரும் அவர்தான். கடற்கரையில் பிறந்த எனக்கு அது தெரியாதா!

தெரியாமல் போனது வேறொன்று. சீமெந்துப் பைகளுக்கு நடுவே முதல் நாள் அஸர் தொழ நின்றேன். ஊரில் கிப்லாவை நோக்கி நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே ஜன்னல் நிறையக் கடல், கண்ணுக்கு நேரே. அந்த நான்கு ரக்அத்தையும் கண்ணை மூடிக்கொண்டே தொழுதேன்.

அந்த ஜன்னலுக்குத் திரை வேண்டாம் என்பது மகளின் முடிவு. வடிவமைத்த பிள்ளையிடம் தடித்த துணியாக ஒன்று கேட்டு, என் ஓய்வூதியத்தில் காசு கொடுத்தேன். அந்த வீட்டில் நான் வாங்கிய சாமான் அது ஒன்றுதான்.

மகள் வந்ததும் திரையை ஓரமாக ஒதுக்கிக் கட்டினாள். நான் தொழப் போகும்போது மட்டும் வந்து அவிழ்த்து விடுகிறாள்.