முற்றுவினையும் தலைச்சொல்லும்

முத்துக்குளித்துறையின் ஏழு பட்டினங்களுள் ஒன்றாகிய வேம்பாரில் ஆங்கில இலக்கணம் போதித்துவரும் எனக்கு, அப்பாஷையின் வாக்கிய அமைப்பில் நம் மாணாக்கர் படும் சிரமத்துக்கு அவர்களுடைய மந்தபுத்தியோ அசிரத்தையோ காரணமன்று என்பதும், தமிழ் தன் தொடர்களை ஈற்றிலிருந்து ஆள, ஆங்கிலம் தலையிலிருந்து ஆளுகிறது என்பதே காரணம் என்பதும் ஐயமறத் தெளிந்த விஷயங்கள்.

‘காற்றுப் பலமாக இருந்தபடியால்’ என்று சொல்லி ஒருவர் நிறுத்தினால், வலையருகே விளையாடும் சிறுகுழந்தைகூட ‘அதனால் என்ன?’ என்று கேட்கும். வினையின் ஈறே இன்னும் சொல்லவேண்டியது உண்டென்று அறிவித்துவிடுகிறது. அதையே ‘பிகாஸ் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்’ என எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் மாணவனுக்கோ, எழுவாய் இருக்கிறது, ‘வாஸ்’ என்ற முற்றுவினையும் இருக்கிறது, ஆகவே வாக்கியம் பூரணமாயிற்று என்றே தோன்றுகிறது. தனித்து நிற்கும் வாக்கியத்திலும் சார்ந்து நிற்கும் கிளாஸ் என்னும் உட்தொடரிலும் ‘வாஸ்’ உருவம் மாறுவதில்லை. சார்பின் பாரம் முழுவதையும் தலையில் நிற்கும் ‘பிகாஸ்’ ஒன்றே சுமக்கிறது.

பரீட்சை கேட்கும் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்னும் வாக்கிய வகைப் பெயர்களை ஆகவே நான் கடைசியிலேயே சொல்லுகிறேன். ‘நேற்றுக் கரையில் வாங்கிய மீனைக் கழுவி, உப்பிட்டு, காயவைத்தாள்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி முற்றைக் காட்டச் சொன்னால், ‘காயவைத்தாள்’ என எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ‘ஷி வாஷ்ட், சால்ட்டெட் அண்ட் ட்ரைட் தி ஃபிஷ் தட் ஷி பாட் ஆன் தி ஷோர் யெஸ்டர்டே’ என்பதிலோ முற்றுக்கள் நான்கு. முதல் மூன்றும் ஒரே ‘ஷி’யைச் சார்ந்து பிரதான கிளாஸாக நிற்க, நான்காவதாகிய ‘பாட்’ வேறொரு ‘ஷி’யை எழுவாயாகப் பெற்று, ‘தட்’டின் கீழ் அடங்கி, மீனை விசேஷிக்கிறது. நம் எச்சங்கள் இருந்த இடங்களிலெல்லாம் அங்கே முற்றுக்கள் வந்து அமர்ந்துவிட்டதைக் கண்ணால் கண்ட பிறகு, கிளாஸ் என்பது இன்னதென்று விளக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை.

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856 இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், முன்வந்த பெயரோடு கிளாஸை இணைக்கும் ‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்கள் திராவிட மொழிகளில் இல்லை என்பதையும் அவற்றின் தொழிலைப் பெயரெச்சமே செய்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, 1549 ஆம் ஆண்டளவில், இக்கரையில் தமிழ் கற்ற ஹென்றிக்கஸ் பாதிரியார், லத்தீன் வியாகரணத்தின் மாதிரியைக் கொண்டு நம் மொழிக்குப் போர்த்துக்கீசியத்தில் இலக்கணம் வரைந்தார். என் மாணாக்கர் இன்று நடக்கும் வழியில் அவர் எதிர்த்திசையில் நடந்தவர். அவர்மீது எனக்குள்ள மதிப்பு வகுப்புத்தோறும் வளர்கிறது.

பெயரெச்சத்திலேயே இன்னுமொரு சூக்ஷ்மம் உண்டு. ‘கணவாய் வாங்கிய பெண்’, ‘கணவாய் அறுத்த கத்தி’ என்னும் இரண்டிலும் எச்சத்தின் வடிவம் ஒன்றே; பெண் வாங்கினாள், கத்தியோ கருவி என்பதைக் கேட்போர் அறிவுக்கே தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அவ்வாறு விடுவதில்லை. ‘தி நைஃப் விச் கட் தி ஸ்க்விட்’ என்று மாணவி எழுதினால் கத்தி தானே எழுந்து அறுத்ததாகிவிடும். அப்போது திருத்தி எழுதிக் கொடுக்காமல், ‘ஷி கட் தி ஸ்க்விட் வித் தி நைஃப்’ என்று முழுவாக்கியமாக அவளையே முதலில் எழுதச் சொல்லுகிறேன். அதிலுள்ள ‘வித்’ எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கியவள், ‘தி நைஃப் வித் விச் ஷி கட் தி ஸ்க்விட்’ என்பதைத் தானாகவே எழுதிவிடுகிறாள்.