கேட்டறிதல்

போத்தனூர்ப் புகைவண்டி நிலையம் 1862-ஆம் ஆண்டு முதல் எத்தனையோ இளைஞரை வெளியூர்களுக்கு வழியனுப்பியிருக்கிறது. அவருள் நானும் ஒருவன். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே விடுதியில் தங்கினேன். முதற்சில வாரங்களில் பாடங்கள் என்னை வருத்தவில்லை. உண்ணும் வேளை மாறியது. உறங்கும் வேளையும் மாறியது. சிறுவாணி நீரை நாவும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உடலும் தேடின.

அந்நாளில்தான் கணித மேதை இராமானுஜனின் வரலாற்றைப் படித்தேன். அவர் நம் கொங்கு நாட்டு ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர். 1914 ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். புலால் உண்ணாதவராதலின் தாமே சமைத்து உண்டார். ஆராய்ச்சியில் மூழ்கியபோது உணவும் உறக்கமும் முறை தவறின. அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. வேண்டிய உணவுப் பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று.

அங்கே பயின்ற மகலனோபிஸ் என்னும் வங்காள மாணவர் ஒரு நாள், “இரவில் உமக்குக் குளிரவில்லையா?” என்று அவரை வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். நண்பர் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பதை இராமானுஜன் அறிந்திருக்கவில்லை! நண்பர் காட்டிக் கொடுத்தார், அக்குறை தீர்ந்தது. ஆயினும் எல்லாக் குறையும் அவ்வாறு தீரவில்லை. 1917-இல் நோயுற்ற அம்மேதை, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

எண்களின் மறைபொருளைக் கண்டவருக்கும் படுக்கையின் முறையைப் பிறர் சொல்லவேண்டியிருந்தது. அவ்வாறிருக்க, நாம் கேட்பதற்கு ஏன் நாணவேண்டும்? “அண்ணா, காய்ச்சிய நீர் எங்கே கிடைக்கும்?” என்று மேல்வகுப்பு மாணவரைக் கேட்டேன். காய்ச்சல் கண்ட அன்றே விடுதிக் காப்பாளரிடம் சொன்னேன். வேளை தவறாது உண்டேன். மாலைதோறும் நண்பருடன் உலாவினேன். சில வாரங்களில் உடலும் உள்ளமும் அவ்விடத்திற்குப் பழகின.

மாணவர்களே! நீங்களும் ஒரு நாள் வீட்டை விட்டுத் தொலைவில் கற்கச் செல்வீர்கள். அறியாததைத் தயங்காமல் கேளுங்கள். அடுத்த அறையில் ஒருவன் பேசாது ஒதுங்கியிருப்பின், “நலமா?” என்று நீங்களே சென்று கேளுங்கள். அவனுடைய கம்பளியும் மெத்தையின் அடியில் செருகப்பட்டிருக்கக்கூடும்.