நோயாளி ரிப்போர்ட்டை கண்ட சைட்ல ஏத்தாதீங்க. விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் இருக்கு

1/ மருத்துவ சொந்தங்களே, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்ல ஒரு பேரைத் தேடினா வராது. அது எழுத்து இல்ல, படம். உடனே பலர் ஏதாவது இலவச கன்வெர்ட்டர் சைட்ல ஏத்திடுறாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எச்.ஐ.வி. ரிசல்ட் எல்லாம் போகுது. போனது போனதுதான். திரும்ப வாங்க முடியாது.

2/ இதை உங்க லேப்டாப்லயே செய்யலாம். ஓசிஆர்மைபிடிஎஃப்னு இலவச மென்பொருள் இருக்கு. உள்ளே எழுத்தைப் படிக்கிறது டெசராக்ட். 1980களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்தது, 2005ல் திறமூலமாச்சு. தமிழும் படிக்கும்.

3/ சிக்கல் என்னன்னா, லினக்ஸ்ல ஒரே கட்டளையில வர்றது, விண்டோஸ்ல துணை மென்பொருள்களை ஒவ்வொண்ணா தேடிப் போடணும். 2011ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருக்கும். ஒண்ணை அணைச்சாத்தான் இன்னொண்ணு. இப்ப ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். அதுக்குப் பேரு டபிள்யூஎஸ்எல்.

4/ குற்றாலம் சீசனுக்கு வர்ற மலையாளி நம்ம ஓபிக்கு வந்தா, மலையாளம் தெரிஞ்ச சிஸ்டர் மொழிபெயர்த்துச் சொல்வாங்கல்ல? 2016ல் வந்த முதல் பதிப்பு அப்படித்தான். "ஃபைலைத் திற, மெமரி கொடு"ன்னு லினக்ஸ் மென்பொருள் கேட்கிறதை விண்டோஸுக்குப் புரியிற மாதிரி மாத்திச் சொல்லும். சிஸ்டருக்குத் தெரியாத வார்த்தை வந்தா வேலை நின்னுடும்.

5/ 2019ல் அறிவிச்ச இரண்டாம் பதிப்பு வேற. மலையாள டாக்டரையே பக்கத்து ரூம்ல உட்கார வச்ச மாதிரி. சின்ன மெய்நிகர் கணினிக்குள்ள நிஜ லினக்ஸ் கெர்னலே ஓடுது. ஆனா அவருக்கு இடம் வேணும். பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும். சி டிரைவ்ல இருக்கிற ஃபைலைத் தொட்டா மெதுவாகும்.

6/ அப்ப எது போடலாம்? 8 ஜிபி ராம் இருந்தா இரண்டாவது. 4 ஜிபி பழைய மெஷின், விர்ச்சுவலைசேஷன் வசதியும் இல்லைன்னா முதலாவதே போதும். இன்னைக்கும் கிடைக்குது.

7/ பவர்ஷெல்லை அட்மினா திறந்து டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால் கட்டளை கொடுத்தா உபுண்டு வரும். அதுக்குள்ள ஓசிஆர்மைபிடிஎஃப், டெசராக்ட் தமிழ்க் கோப்பு ரெண்டையும் போடுங்க. ஓட்டும்போது தமிழ், ஆங்கிலம் ரெண்டு மொழியையும் சொல்லுங்க. நம்ம ரிப்போர்ட் அப்படித்தானே இருக்கும்! நெட் இறக்குறதுக்கு மட்டும்தான். அப்புறம் வைஃபையை அணைச்சிட்டு ஓட்டிப் பாருங்க, ஓடும்.

8/ மூணு எச்சரிக்கை.
✅ கையெழுத்துக்கு இதை நம்பாதீங்க, அச்செழுத்துக்கு மட்டும்.
✅ 0.5ல புள்ளி விழுந்தா 05. டோஸ், லேப் அளவு எல்லாத்தையும் மூலப் படத்தோட ஒப்பிட்டே எடுங்க.
✅ ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்னா பொறுப்பு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போடுங்க.

9/ நோயாளி நம்மகிட்ட சொன்னது நம்ம ரூமைத் தாண்டக் கூடாதுன்னு படிச்சுத்தான் வந்தோம். அந்த ரூம்ல இப்ப கம்ப்யூட்டரும் இருக்கு, அவ்வளவுதான்.


அரசு பொது மருத்துவர், வீரகேரளம்புதூர்