மருந்துக்கு அடங்காத உயிர்

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறினார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன். இந்நான்கனுள் மருந்து ஒன்றையே நம்பி ஏனையவற்றை மறந்தால் யாது விளையும் என்பதை மலேரியாக் காய்ச்சலின் வரலாறு நன்கு உணர்த்தும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவலாம். அக்காய்ச்சல் எங்கள் கொட்டிலிலும் புகுந்தது. அதுவே என் உரிமை.

1934 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட குளோரோகுயின், இரண்டாம் உலகப் போரின் பின் ஏழை நாடுகளுக்கு வாய்த்த அருமருந்தாயிற்று. விலையோ மலிவு, குணமோ விரைவு. ஆயினும் 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து - கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் அதற்கு அடங்காத ஒட்டுண்ணி தலைகாட்டிற்று. இரத்தினக்கல் அகழ்வோர் வந்துபோகும் பைலின் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் உப்பிலும் மருந்து கலந்து வழங்கினர். அதுவும் எதிர்ப்பு வேரூன்றத் துணைசெய்தது என அறிஞர் கருதுவர். ஆசியாவிற் பிறந்த அவ்வெதிர்ப்பு 1978 அளவில் கிழக்கு ஆபிரிக்காவில் வெளிப்பட்டது. நம் நாட்டில் 1984 இல் அறியப்பட்டது.

ஒட்டுண்ணி மருந்தைக் கண்டு பாடம் கற்பதில்லை. செங்குருதிக் கலத்தினுள் வாழும் அது குருதிப் புரதத்தைத் தன் உணவுப் பையில் இட்டுச் செரிக்கும். அப்போது தோன்றும் நச்சுக் கழிவைத் தீங்கற்ற பளிங்காக மாற்றிக்கொள்ளும். குளோரோகுயின் அம்மாற்றத்தைத் தடுக்க, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே மடியும். ஆனால், கோடானுகோடி ஒட்டுண்ணிகளுள் ஒருசில, பரம்பரையலகில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால், உணவுப் பையிலிருந்து மருந்தை வெளியேற்றும் ஆற்றலைப் பெற்றுவிடும். களைபறிப்போர் கண்ணுக்கு நெல்லைப் போலத் தோன்றும் களையே வயலில் எஞ்சி விதை சிந்துவது போல, மருந்துக்குத் தப்பியதே எஞ்சிப் பெருகும். நுளம்பு அதனை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்லும்.

1996 இல் யாழ்ப்பாணத்தினின்றும் இடம்பெயர்ந்து வன்னியில் வாழ்ந்த காலத்தில் என் தம்பி இக்காய்ச்சலில் வீழ்ந்தான். மாத்திரை அரிதாகிய நாட்கள் அவை. அயலிற் சிலர், காய்ச்சல் விட்டதும் எஞ்சிய மாத்திரையை அடுத்த பிள்ளைக்கென முடிந்துவைத்தனர்; வறுமை செய்த செயலை யார் குறைகூற வல்லார்? அம்மா மூன்று நாளும் எண்ணி எண்ணிக் கொடுத்தார். அங்ஙனம் கொடுத்தும் ஒருவாரம் கழிந்து மீண்டும் நடுக்கம் பிடித்தது. இரத்தம் சோதித்த வைத்தியர், “இது அந்த மருந்துக்கு அடங்காது, அம்மா” என்று வேறு மாத்திரை தந்தார். தம்பி பிழைத்தான். முழுமையாக உண்டவனையும், பிறர் உடலில் வளர்ந்த எதிர்ப்பு வந்து தாக்கும் என்பதை அன்று கண்டேன்.

மலாவி நாடு 1993 இல் குளோரோகுயினை வழக்கொழித்தது. பன்னிரண்டு ஆண்டளவில் எதிர்ப்புடைய ஒட்டுண்ணி அருக, அம்மருந்து மீண்டும் ஏறக்குறைய எல்லோரையும் குணப்படுத்தியதாக 2006 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சீனத்து அம்மையார் து யூயூ, பழைய மருத்துவ நூலொன்றைக் கற்று, மாசிபத்திரி இனத்துச் செடியிலிருந்து ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டு 2015 இல் நோபெல் பரிசு பெற்றார். பழநூற் பயிற்சி பயனற்றது என்பார்க்கு இது விடையாகும். ஆனால் அம்மருந்துக்கும் முதலில் எதிர்ப்பு வெளிப்பட்டது அதே மேற்குக் கம்போடியாவில். பின்னர் ருவாண்டா, உகண்டா நாடுகளிலும் தோன்றியது.

இலங்கையில் உள்நாட்டுத் தொற்று 2012 உடன் நின்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் நுளம்பு அகலவில்லை. நம் பழைய மாணவர் பலர் ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சென்று வருகின்றனர். திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டை வைத்தியரிடம் தாமே முந்திக் கூறுக. இரத்தம் சோதிக்கக் கேட்க. தந்த மருந்தைக் கடைசி மாத்திரை வரை உண்க. மருந்து ஒருவன் உடைமையன்று. ஊரின் பொதுக்கிணறு போன்றது.